கல்லமேட்டில் கரைந்த பெருவிலங்கு

"சாமி, நம்ம மலையைத் தோண்டினா டைனோசர் எலும்பு கிடைக்குமா?" திருத்தணிப் பகுதியில் மறைக்கல்விச் சிறுவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தொலைக்காட்சியிலும் பாடநூலிலும் அவ்விலங்கைக் கண்ட பிள்ளைகள் இவ்வாறு கேட்பது இயல்பே. பெற்றோரும் இதன் விடையை அறிந்திருத்தல் நன்று.

கிடைக்காது என்பதே விடை. திருத்தணி மலையும் அதனைச் சூழ்ந்த குன்றுகளும் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவான பாறைகள். அவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். எலும்புள்ள உயிர் எதுவும் அக்காலத்தில் உலகில் இல்லை. டைனோசர்களோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, பறவைகள் என்னும் வழித்தோன்றல்களை மட்டும் விட்டுவிட்டு, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தவை.

அவற்றின் எலும்பு நமக்குக் கிடைப்பதே அரிது. இறந்த விலங்கை நரியும் வெயிலும் அழிப்பதற்கு முன் ஆற்று வண்டலோ கடற்சேறோ மூடிவிட வேண்டும். பின்னர் நிலத்தடி நீரில் கரைந்துள்ள தாதுப்பொருள்கள் எலும்பின் நுண்துளைகளில் புகுந்து, நாளடைவில் அதனைக் கல்லாக்குகின்றன. இதுவே புதைபடிவம்.

இக்கல்லைப் படிக்கக் கற்பித்தவர்களுள் ஒருவர் நம் திருச்சபையின் மைந்தர் என்பது பலர் அறியாத செய்தி. டென்மார்க்கில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ என்னும் மருத்துவர், 1666ஆம் ஆண்டு இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஒரு சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தார். மக்கள் 'நாக்குக் கற்கள்' என்று அழைத்து வந்தவை உண்மையில் பண்டைச் சுறாக்களின் பற்களே என விளக்கினார். 1669இல் வெளியிட்ட நூலில், மண்ணடுக்குகளுள் கீழே உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது என்னும் விதியை வகுத்தார். கத்தோலிக்க மறையைத் தழுவிய அவர் 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அவருடைய விதியின்படி, ஒரு கல்லின் பொருள் அது கிடந்த அடுக்கைப் பொறுத்தது. இடத்தைவிட்டுப் பெயர்த்த கல் பாதி ஊமையாகிவிடுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமக்குத் தென்கிழக்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் படிவுப் பாறைகளில், டைனோசர் காலத்துச் செடிகளின் இலைப் பதிவுகள் கிடைத்துள்ளன. ஐதராபாத்தின் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில், யாமன்பள்ளி என்னும் ஊரருகே தோண்டியெடுத்த கோட்டாசாரஸ் என்னும் தாவர உண்ணியின் எலும்புக்கூடு நிற்கிறது. அதன் நீளம் சுமார் 9 மீட்டர்.

அவை எவ்வாறு வாழ்ந்தன என்பதற்கும் கற்களே சான்று பகர்கின்றன. மராட்டிய மாநிலம் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிய சாணத்தை ஆராய்ந்து 2005இல் அறிஞர்கள் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது: அவ்விலங்குகள் புல்லும் மேய்ந்துள்ளன. அக்காலத்தில் புல்லே இருந்ததில்லை என்று முன்னர் கருதியிருந்தனர். குஜராத்தின் டோலி துங்ரியில், டைனோசர் கூட்டில் முட்டையைச் சுற்றிச் சுருண்ட நிலையில் ஒரு பாம்பின் படிவம் கிடைத்தது. பாம்பின் நீளம் சுமார் மூன்றரை மீட்டர். அருகில் அப்போதுதான் பொரித்த குஞ்சு ஒன்று. குஞ்சை விழுங்க வந்த பாம்பும் குஞ்சும் ஒரே மண்சரிவில் புதைந்தன போலும்! மத்தியப் பிரதேசத்தின் நர்மதைப் பள்ளத்தாக்கில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் கண்டதாக 2023இல் அறிவித்தனர்.

தமிழகத்திற்கும் இதில் பங்கு உண்டு. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது. நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகள், கடல் முள்ளெலிகள், சுறாப் பற்கள் ஆகியவை அங்கே கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. கடல் பின்வாங்கிய பின், ஆறுகள் வண்டல் கொட்டிய இடம் கல்லமேடு. இங்கேதான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் மாபெரும் எலும்புகளைக் கண்டனர். 1980களின் பிற்பகுதியில் அதற்குப் 'பிருஹத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். பேருடல் படைத்த பல்லி என்பது பொருள். இடுப்பெலும்புகள், தொடையெலும்பின் ஒரு பகுதி, வால் முள்ளெலும்பு ஆகியவற்றோடு ஒரு கீழ்க்கால் எலும்பும் இருந்தது. அதன் நீளம் 2 மீட்டர்! உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாகக் கருதப்படும் ஆர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பே சுமார் ஒன்றரை மீட்டர்தான்.

முதலில் இதனை ஊன் உண்ணி என்றனர். பின்வந்த அறிஞர்கள் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்றனர். இது எலும்பே அன்று, கல்லாகிய மரத்துண்டாக இருக்கலாம் என ஐயுற்றவரும் உண்டு. எலும்பை எடுத்துக் காட்டினால் வழக்குத் தீர்ந்துவிடும் அல்லவா? ஆனால் காட்டுவதற்கு எலும்பு இல்லை! மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்கும் அம்மண்ணில் எலும்புகள் மிகவும் நொய்ந்துபோயிருந்தன. பாதுகாப்புக்காகச் சுற்றிய சாந்துக் கவசத்திற்குள்ளேயே அவை பொடிந்துபோயின. அவை இன்று இல்லை என்ற செய்தி 2017இல் வெளியாயிற்று. அகழ்ந்த காலத்தில் எடுத்த நிழற்படங்கள் 2022இல் வெளிவந்தன. அப்படங்களும் அளவுக் குறிப்புகளுமே இன்று எஞ்சிய சான்று.

எண்ணிப் பாருங்கள். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக மண் காத்த ஒன்று, மனிதர் கண்ணில் பட்டபின் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. உழைத்த அறிஞர்களைக் குறை கூற நாம் எழுதவில்லை. அவர்கள் படமெடுத்து அளந்து குறித்திராவிடில், அப்படி ஒன்று வாழ்ந்தது என்பதையே உலகம் அறிந்திராது.

இதில் குடும்பங்களுக்கும் கடமை உண்டு. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டை என்ற வதந்தி காட்டுத்தீபோல் பரவியது. அவை அம்மோனைட்டுகளைச் சுற்றித் திரண்ட கல்லுருண்டைகள் என வல்லுநர் விளக்கினர். வதந்தியால் கூட்டம் கூடும். கூட்டத்தில் கற்கள் உடையும், களவும் போகும்.

ஆகவே கிணறு வெட்டும்போதோ வயலிலோ புதுமையான கல்லைக் கண்டால், கடப்பாரையால் பெயர்க்க வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறைக்கோ அருங்காட்சியகத்திற்கோ தெரிவியுங்கள். விடுமுறையில் பிள்ளைகளை அரியலூர் மாவட்டம் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நம் காலடியில் கிடப்பதன் அருமையைச் சிறுவயதில் உணர்ந்த பிள்ளை, வளர்ந்தபின் அதனை உடைக்க மாட்டான். உடைப்பவரைத் தடுக்கவும் செய்வான்.