எரிக்கவா, உரமாக்கவா?

பாலக்காடு மாவட்டத்து ஆனைக்கரைக்குப் பக்கத்தில்தான் கூட்டநாடு. கொச்சியிலிருந்து வரும் கெயில் எரிவாயுக் குழாய் அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மங்களூருக்கு, மற்றது வாளையாறு பக்கம். மங்களூர்க் குழாய் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் அதில் ஓடுவது உள்ளூர் வாயு அல்ல; கப்பலில் திரவமாக வந்து, கொச்சியின் புதுவைப்பு முனையத்தில் மறுபடி வாயுவானது.

சொந்த வாயு இல்லாமல் கேரளம் உரம் செய்த கதை சுவாரசியமானது. திருவிதாங்கூர் திவானாக சர் சி.பி. ராமசாமி ஐயர் இருந்த காலத்தில், சேஷசாயி சகோதரர்கள் கைகொடுக்க, ஏலூரில் எழுந்தது ஃபாக்ட் உர ஆலை. 1947இல் உற்பத்தி தொடங்கியபோது மூலப்பொருள் என்ன தெரியுமா? விறகு! அதை வாயுவாக்கி, ஹைட்ரஜனைப் பிரித்து, அம்மோனியம் சல்பேட் தயாரித்தார்கள். பிறகு பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் நாப்தா வந்தது. 2013இல் கொச்சி முனையம் வந்ததும் இறக்குமதி வாயு. நம்மூர் உரக்கடையில் கேட்டு வாங்கும் ஃபாக்டம்பாஸ் அந்த ஆலையின் சரக்குதான்.

உரத்துக்குத் தேவையான நைட்ரஜன் காற்றிலேயே கிடக்கிறது. தட்டுப்பாடெல்லாம் ஹைட்ரஜனுக்குத்தான். எரிவாயுவிலுள்ள மீத்தேனையும் நீராவியையும் நிக்கல் வினையூக்கியின் மேல் சுமார் 800 டிகிரியில் செலுத்தினால் அது பிரிந்து வரும். இரும்பு வினையூக்கியும் கடும் அழுத்தமும் அதை நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கும். மீத்தேனிலிருந்த கார்பன் கரியமில வாயுவாக வெளியேறும். யூரியா ஆலை அதையும் வீணாக்காது. அம்மோனியாவோடு சேர்த்து யூரியாவாக்கிவிடும். 45 கிலோ மூட்டை ஒன்றுக்குச் செலவாகும் ஆற்றல், வீட்டு கேஸ் சிலிண்டர் ஒன்றரைக்கும் மேல். விவசாயி கொடுப்பதோ 266 ரூபாய் சொச்சம். மிச்சம் அரசு மானியம்.

தமிழ்நாட்டில் கதை வேறு. ராமநாதபுரத்தில் ஓ.என்.ஜி.சி. எரிவாயுக் கிணறுகள் உண்டு. அந்த வாயு வழுதூரில் மின்சாரத்துக்காக எரிந்தது. 2021 பிப்ரவரியில் தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் திறக்கப்பட்டது. அங்குள்ள ஸ்பிக் உர ஆலை நாப்தாவை விட்டு வாயுவுக்கு மாறியது. ‘தோண்டாமல் விட்டால் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சுமே’ என்பவர்கள் இருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், முதல் உரிமை உரத்துக்கே என்பேன். மின்சாரத்துக்கு அதே மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016லிருந்தே இருக்கிறது. மலிவான ஹைட்ரஜனுக்கு அப்படியொரு மாற்று இன்னும் கைக்கு வரவில்லை.

வாயுவைச் சேமிக்க நினைப்பவர்கள் கிணற்றைவிட வயலைப் பார்ப்பது நல்லது. நெல்லுக்குப் போடும் யூரியாவில் பாதிக்கும் மேல் பயிருக்குச் சேர்வதில்லை. காற்றில் போகிறது, தண்ணீரோடு இறங்குகிறது. கூடவே அத்தனை வாயுவும் போச்சு! யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சை அரசு 2015இல் கட்டாயமாக்கியது இந்த இழப்பைக் குறைக்கத்தான். அதைவிட மலிவான வழி இலை வண்ண அட்டை. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாராவாரம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இலையின் பச்சை நிறம் வெள்ளைப் பொன்னியில் அட்டையின் 3ஆம் எண்ணுக்கும், மற்ற ரகங்களில் 4ஆம் எண்ணுக்கும் கீழே வெளிறினால் மட்டும் மூட்டையைப் பிரித்தால் போதும்.