ஆறு சுமந்தது, இரயில் சுமக்கப்போவது

கோலகுபுவை அடுத்த அம்பாங் பெச்சாவிலிருந்து கடலுக்குப் போக ஒரு காலத்தில் சிலாங்கூர் ஆறே வழி. கோலகுபுவில் தோண்டிய ஈயம் படகேறி, ஆற்றோடு இறங்கி, கோலசிலாங்கூரில் கப்பல் கண்டது. மேலேறும் படகைக் கழி ஊன்றித் தள்ளினார்கள். கீழே வருவதற்கு வெள்ளம் துணை. மேலே போவதற்குத் தோள்வலி துணை. ஆற்றுவாயைப் பார்த்து நின்ற மெலாவாத்தி குன்றின் கோட்டையை 1784இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். அந்த வாயை வைத்திருந்தவர் கையில் உள்நாட்டு வணிகமே இருந்தது.

1883இல் மேலே இருந்த அணை உடைந்து கோலகுபுவை வெள்ளம் அடித்துச் சென்றது. பின்னர் சுரங்க மணல் ஆற்றை மேடாக்க, ஊரே இடம் பெயர்ந்து கோலகுபு பாரு ஆனது. அதற்குள் சரக்கும் ஆற்றை விட்டிருந்தது. 1886இல் கோலாலம்பூரைக் கிள்ளானோடு இணைத்த இரயில், 1890களில் கோலகுபுவையும் எட்டியது. 1901இல் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறந்ததும் பெரிய கப்பல்கள் அங்கே போயின. கோலசிலாங்கூர் மீன்பிடி ஊராகத் தங்கியது.

நம்மவர் வந்தது அந்தப் புதிய வழியில்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் சுவெட்டன்ஹத்தில் இறங்கி, இரயிலிலும் மாட்டுவண்டியிலும் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். விடியுமுன் வெட்டிய பால், உறைந்து, தகடாகி, புகையில் காய்ந்து, பொதியாகி, அவர்கள் வந்த அதே வழியில் கப்பலுக்குத் திரும்பியது.

இன்று சுவெட்டன்ஹம், கிள்ளான் துறைமுகம். 2024இல் அது கையாண்டவை, இருபதடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேல். கோத்தாபாருவில் தொடங்கி, குவாந்தான் துறைமுகத்தைத் தொட்டு, செரண்டா வழியாகக் கிள்ளான் துறைமுகம் சேரும் 665 கி.மீ. கிழக்குக்கரை இரயில் பாதை உருவாகிவருகிறது. அன்று கோலகுபுவிலிருந்து மலைக்கணவாய் ஏறி மாட்டுவண்டிகள் பகாங் போயின. இன்று அதே மலைத்தொடரை இந்த இரயில் பாதையின் 16 கி.மீ.க்கு மேல் நீளும் சுரங்கப்பாதை குடைந்து செல்கிறது. ஆறோ படகுச் சுமையை இறக்கிவிட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் தருகிறது.

வேகம் வந்தது, தோள்வலி போனது. ஆனால் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது லயன் வீடுகளும் பல கோயில்களைச் சுற்றியிருந்த ஊர்களும் கலைந்தன. அன்றைய வழியை நம் பாட்டன்மார் கூலியாக நின்று நடத்தினார்கள். நாளைய வழியில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இரயில் பொறியாளராகவும் துறைமுக அதிகாரியாகவும் நிற்க வேண்டும். அதற்கான தொழிற்கல்விக்குப் பிள்ளைகளை இப்போதே அனுப்புங்கள்.