பொதியும் எண்ணும்

நம் மாணவர் சிலர் வகுப்புக்கு முன், விடியற்காலையில், பார்சல் நிறுவனங்களில் பகுதிநேர மேற்பார்வையாளராக வேலை பார்க்கின்றனர். மேற்பார்வை என்றால் ஆட்களை அதட்டுவது அன்று. வண்டியில் வந்த பொதிகள் ஊர்வாரியாகச் சரியாகப் பிரிகின்றனவா என்று கவனிப்பதே ஆகும்.

அதற்குத் துணை அஞ்சல் குறியீட்டு எண். அஞ்சல் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று கொண்டுவந்த இந்த ஆறு இலக்க எண்ணையே தனியாரும் பயன்படுத்துகின்றனர். முதல் மூன்று இலக்கங்கள் வட்டாரத்தையும், பின் மூன்றும் அஞ்சலகத்தையும் குறிக்கும். 517 சித்தூர் வட்டாரம், 517501 திருப்பதி, 517503 திருச்சானூர். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று, எண்ணோ மாறவில்லை. ஆகவே மாவட்டப் பெயரைப் பார்த்துப் பிரித்தால் பிழை நேரும். முகவரி தெலுங்கில் இருந்தாலும் எண் நமக்குப் புரியும்.

ஒன்றை மூன்றாகப் படித்தால், திருப்பதிப் பொதி திருச்சானூர் வண்டியில் ஏறிவிடும். பொதிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தோழர் வீணாக அலைந்து அதைத் திருப்பிக் கொண்டுவருவார். பிழை நம்முடையது, பெட்ரோல் செலவு அவருடையது. இது நியாயமாகுமா?

ஆய்வுக்கூடத்தில் அளவுகளை இருமுறை படிக்கப் பழகியிருக்கிறோம். அங்கே தவறினால் சோதனையைத் திரும்பச் செய்யலாம். இங்கே தவறினால் ஒருவருடைய அன்றைய கூலி குறையும். ஆகவே, நண்பர்களே, எண்ணை இருமுறை படியுங்கள்.