ஹானோவர் தேள்களின் உலகப் பயணம்

ராக் இசையில் பேர் வாங்க வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் பாட வேண்டும், லண்டனிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ இருக்க வேண்டும். அறுபதுகளில் அதுதான் நடைமுறை. 1965இல் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் வட்டாரத்தில் கிட்டாரைக் கையில் எடுத்த ருடால்ஃப் ஷெங்கருக்கு இந்த இரண்டும் இல்லை. எலக்ட்ரீஷியன் வேலை பழகிய இளைஞர் அவர். பாடகராக வந்து சேர்ந்த கிளவுஸ் மைனே, கடைகளின் கண்ணாடிச் சாளரங்களை அலங்கரிக்கும் தொழில் கற்றவர். இருவரும் முதல் நாளிலிருந்தே ஒன்றில் உறுதியாக இருந்தார்கள்: ஜெர்மனிக்குள் மட்டும் வாசித்துவிட்டு அடங்கிப்போகும் குழுவாக இருக்கக் கூடாது.

அந்தக் குழுதான் ஸ்கார்பியன்ஸ்.

உலகமெங்கும் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' பாடலின் விசில் ஒலியைத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. ஒரே பாட்டில் அதிர்ஷ்டம் அடித்த குழு என்று நினைப்பவர்களும் உண்டு. அது சரியில்லை. அந்தப் பாட்டு வெளிவந்தபோது குழுவுக்கு வயது இருபத்தைந்து. பெரிய சந்தை கதவைத் திறக்காத காலமெல்லாம், திறந்த ஊர் எதுவோ அங்கே போய் வாசித்தார்கள். அவர்களுடைய வெற்றியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆரம்பமே இழப்புதான். 1972இல் முதல் ஆல்பம் 'லோன்சம் க்ரோ' வந்தது. அதில் வாசித்த ருடால்ஃபின் தம்பி மைக்கேல் அசாத்தியமான கிட்டார் கலைஞன், அப்போது பதினாறு பதினேழு வயதுதான். பிரிட்டனின் யூஎஃப்ஓ குழு அவரைக் கேட்டது, 1973இல் அவர் போய்விட்டார். குழு கலைந்துபோகும் நிலை. உலி ஜான் ராத் என்ற இன்னொரு கிட்டார் மேதை வந்து சேர்ந்ததால் பிழைத்தது. 1975 முதல் டீட்டர் டியர்க்ஸ் தயாரிப்பாளரானார். அடுத்த பத்தாண்டுகளுக்கும் மேலாக இவர்களுடைய ஸ்டூடியோ ஒலியைச் செதுக்கியவர் அவர்தான். அதே 1975இல் 'த ஹன்டர்ஸ்' என்ற மாற்றுப் பெயரில், பிரிட்டனின் ஸ்வீட் குழுவுடைய பாடல்களை ஜெர்மன் மொழியில் பாடியும் ஒரு தட்டு போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஆங்கிலம்தான் என்று நின்றுவிட்டார்கள்.

அந்தக் காலத்தின் ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். 1976இல் வந்த ஆல்பத்தின் அட்டையில் ஒரு சிறுமியின் படத்தைப் பயன்படுத்திய விதம் மன்னிக்கத்தக்கது அல்ல. பல நாடுகளில் வேறு அட்டையோடுதான் அது விற்பனைக்கு வந்தது. கவனத்தை இழுக்க எதையும் செய்யலாம் என்று இசை நிறுவனங்கள் நினைத்த காலம் அது. குழுவும் அதற்கு இடம் கொடுத்தது.

அமெரிக்கா இவர்களைத் திரும்பிப் பார்க்காத அந்த நாட்களில், முதலில் கைநீட்டி அழைத்தது ஜப்பான். 1978 ஏப்ரலில் டோக்கியோ நகானோ சன் பிளாசா அரங்கில் நடந்த கச்சேரிகள்தான் 'டோக்கியோ டேப்ஸ்' என்ற இரட்டை ஆல்பமாயின. அந்த ஆல்பத்தில் ஓரிடத்தை நின்று கேட்க வேண்டும். முழக்கமான ராக் பாடல்களுக்கு நடுவே திடீரென்று சத்தம் அடங்குகிறது. மைனே ஜப்பானிய மொழியில் பாடத் தொடங்குகிறார். பாடல் 'கோஜோ நோ ட்சுகி', ரென்டாரோ டாகி 1901இல் இசையமைத்தது, அந்நாட்டவர் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிந்த மெட்டு. அரங்கம் அவரோடு சேர்ந்து பாடுகிறது. ஆங்கிலமே இரவல் மொழியாக இருந்த ஒரு ஜெர்மானியர், தம்மை வரவேற்ற ஊருக்காக மூன்றாவது மொழி ஒன்றில் வாயைத் திறந்திருக்கிறார். இந்தக் குழு எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால், முதலில் போட்டுக் காட்ட வேண்டியது இந்த ஒலிப்பதிவைத்தான்.

அந்தப் பயணத்தோடு உலி ராத் விடைபெற்றார். மத்தியாஸ் யாப்ஸ் வந்தார். அதற்குச் சற்று முன்பு டிரம்ஸுக்கு வந்திருந்த ஹெர்மன் ரேர்பெல் இங்கிலாந்தில் வாழ்ந்தவர், ஆங்கிலப் பாடல் வரிகளை எழுதுவதில் அவர் பங்கு பெரியது. பாஸ் கிட்டாரில் ஃபிரான்சிஸ் புக்கோல்ட்ஸ். இந்த ஐவர் அணிதான் அமெரிக்காவை நோக்கிக் கிளம்பியது. 1979இல் வந்த 'லவ்டிரைவ்' அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் அவர்கள் பெயரை முதன்முதலாக ஏற்றியது. அந்த ஆண்டு ஜூலையில் கிளீவ்லாந்தின் பிரம்மாண்ட மைதானத்தில் ஏரோஸ்மித், ஜர்னி, ஏசி/டிசி, தின் லிஸி என்று பெரிய தலைகள் வாசித்த நிகழ்ச்சியில், அவர்களுக்கெல்லாம் முன்னால், கூட்டம் வந்து உட்காரும் நேரத்தில் மேடை ஏறியவர்கள் இவர்கள்தாம். பெரிய குழுவுக்கு முன்னால் அரை மணி, முக்கால் மணி வாசித்துவிட்டு இறங்கும் இந்த வேலை சாதாரணமானது அல்ல. யாரையோ பார்க்க டிக்கெட் வாங்கியவர்களை, முகம் தெரியாத நீங்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஊர் ஊராக அதைச் செய்தார்கள்.

கதவு திறக்கும் தறுவாயில் குரல் போயிற்று. 1981இல் அடுத்த ஆல்பத்துக்கான வேலை தொடங்கியபோது மைனேவால் பாடவே முடியவில்லை. குரல்நாணில் பாதிப்பு, அறுவை சிகிச்சை, மறுபடியும் அறுவை சிகிச்சை. குழு தேங்கிவிடக் கூடாதென்று, வேறு பாடகரைத் தேடிக்கொள்ளும்படி அவரே சொன்னார். ஷெங்கர் சம்மதிக்கவில்லை. அமெரிக்கப் பாடகர் டான் டாக்கன் வந்து மாதிரிப் பதிவுகளுக்கு மட்டும் பாடிக்கொடுத்தார். மைனே பேசாமலிருந்து, குரல் பயிற்சியை அரிச்சுவடியிலிருந்து தொடங்கி, திரும்பி வந்தார். 1982இல் வெளியான 'பிளாக்அவுட்' அமெரிக்காவில் பத்தாம் இடம் பிடித்தது. பாடகரை மாற்றுவது வியாபாரக் கணக்கில் சுலபமான வழி. பல குழுக்கள் மாற்றியிருக்கின்றன. ஷெங்கரின் அந்த மறுப்பு இல்லாவிட்டால் மற்றவை எதுவுமே நடந்திருக்காது.

அதன்பின் வேகம். 1983 மே மாதம் கலிபோர்னியாவில், ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் நடத்திய யூஎஸ் ஃபெஸ்டிவலில் லட்சக்கணக்கானோர் முன் வாசித்தார்கள். 1984இல் 'ராக் யூ லைக் எ ஹரிக்கேன்' வானொலியிலும் எம்டிவியிலும் ஒலித்துக்கொண்டே இருந்தது. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அவர்கள் பெயருக்கு நிறைந்தது. அந்த ஆண்டு அவர்களுக்கு முன்னால் வாசித்துவிட்டு இறங்கிய புதுமுகக் குழு பான் ஜோவி! மறு ஆண்டு ரியோ டி ஜெனிரோவின் முதல் 'ராக் இன் ரியோ' விழா.

அமெரிக்கா வசமான பிறகு வேறு குழுவாக இருந்தால் அங்கேயே தங்கியிருக்கும். இவர்கள் 1988இல் சோவியத் யூனியனுக்குப் போனார்கள். லெனின்கிராடில் ஐந்து, மாஸ்கோவில் ஐந்து என்று திட்டம். மாஸ்கோ நிகழ்ச்சிகள் ரத்தாகி, பத்தும் லெனின்கிராடிலேயே நடந்தன. ஹிட்லரின் படை ஏறத்தாழ 900 நாள் முற்றுகையிட்டுப் பட்டினி போட்ட நகரம் அது. அந்த ஊருக்கு ஜெர்மானியர்கள் கிட்டாரோடு போய் இறங்கியது சின்ன விஷயம் அல்ல.

மறு ஆண்டு ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் மாஸ்கோ லெனின் ஸ்டேடியத்தில் மாபெரும் ராக் விழா. பான் ஜோவி, ஓஸி ஆஸ்போர்ன், மாட்லி க்ரூ எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த அமெரிக்க, பிரிட்டிஷ் நட்சத்திரங்களுக்கு அது ஒரு புதிய நாடு, அவ்வளவுதான். மைனேவுக்கு அப்படியல்ல. ஓராண்டுக்கு முந்தைய இறுக்கத்தை அவர் கண்ணால் பார்த்திருந்தார். இப்போது காவலுக்கு நின்ற ராணுவ வீரர்களே மேடைப் பக்கம் திரும்பி ஆரவாரித்ததையும், மாஸ்கோ ஆற்றில் படகில் போனபோது பல நாட்டவரும் ஒன்றாகச் சிரித்துப் பேசியதையும் பார்த்தார். ஊர் திரும்பியதும் எழுதிய பாட்டுதான் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்'. ஒரே விழாவில் அத்தனை குழுக்கள் இருந்தும் அந்தப் பாட்டு இவருக்கு மட்டும் கிடைத்ததென்றால், 1988 பயணம்தான் காரணம். முன்பு பார்த்தவனுக்குத்தானே மாறியது தெரியும்?

நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. ஓராண்டு கழித்து 'கிரேஸி வேர்ல்ட்' ஆல்பத்தில் பாடல் வந்தது. தொடக்கத்து விசிலை எடுத்துவிடலாம் என்று இசை நிறுவனத் தரப்பிலிருந்து யோசனை வந்ததாக மைனே சொல்லியிருக்கிறார். நல்லவேளை, எடுக்கவில்லை. 1991இல் ஜெர்மனியில் முதலிடம், அமெரிக்காவில் நான்காம் இடம். ரஷ்ய மொழியிலும் பாடிப் பதிவு செய்தார்கள். அந்த டிசம்பரில் கிரெம்ளினில் சோவியத் அதிபர் கொர்பச்சோவ் அவர்களைச் சந்தித்தார். சில நாட்களில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது.

அதே 1991இல்தான் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வந்து, எண்பதுகளின் ராக் பாணியை ஒரேயடியாகப் பழசாக்கியது. ஸ்கார்பியன்ஸும் அடி வாங்கியது. அமெரிக்காவில் பிடி தளர்ந்தது. ஆனால் போகும் ஊர்கள் குறையவில்லை. 2000இல் பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் ஒரு ஆல்பம் செய்தார்கள். 2007 டிசம்பரில் இந்தியா வந்தபோது, பெங்களூரோடு ஷில்லாங்கிலும் வாசித்தார்கள். மேகாலயாவின் அந்த மலைநகரத்தில் கிட்டார் இல்லாத தெரு அபூர்வம். உள்ளூர்ப் பாடகர் லூ மஜா 1972 முதல் ஆண்டுதோறும் பாப் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடிவரும் ஊர். அந்த ரசிகர்களைத் தேடி வந்த உலகக் குழுக்கள் மிகக் குறைவு.

2010இல் ஓய்வு அறிவித்தார்கள், விடைபெறும் பயணமும் போனார்கள், ஆனால் ஓய்ந்து உட்கார முடியவில்லை. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது, 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' பாடலில் மாஸ்கோவைக் கொண்டாடும் பழைய வரிகளை அப்படியே பாட மனமில்லை என்று மைனே தொடக்க வரிகளை உக்ரைனுக்காக மாற்றிக்கொண்டார். தம்மை உலகறியச் செய்த வரிகளில் கைவைக்க எழுபத்து மூன்று வயதில் துணிந்தார் அவர். 2025 ஜூலை 5 அன்று, குழுவின் அறுபதாம் ஆண்டுக் கச்சேரி ஹானோவர் கால்பந்து மைதானத்தில் நடந்தது. ஜூடாஸ் பிரீஸ்ட், ஆலிஸ் கூப்பர் ஆகியோர் விருந்தினராக வந்து, அவர்களுக்கு முன்னால் வாசித்தார்கள்.