நீருக்கடியில் டெஹ்ரி: ஊருக்கு ஈடு உண்டா?

தில்லியின் கிழக்கு, தெற்குப் பகுதிகளில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் கங்கை நீருக்குப் பெரும் பங்கு உண்டு. உத்தரகண்ட் மலைகளில் தேக்கப்படும் நீர், மேல் கங்கைக் கால்வாய் வழியாக உத்தரப் பிரதேசத்தின் முராத்நகருக்கு வந்து, அங்கிருந்து குழாய்கள் மூலம் சோனியா விகார் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. நாளொன்றுக்கு 14 கோடி காலன் நீரைச் சுத்திகரிக்கும் அந்நிலையத்தை நம்பியே டெஹ்ரி அணையிலிருந்து நொடிக்கு 300 கன அடி நீர் தலைநகருக்கு ஒதுக்கப்பட்டது.

அந்த நீரைத் தேக்குவதற்காக ஒரு நகரம் முழுவதுமாக மூழ்கடிக்கப்பட்டது. 190 ஆண்டுக்கால வரலாறு கொண்ட அந்த நகரின் பெயர்தான் டெஹ்ரி. அணைக்கும் ஏரிக்கும் மாவட்டத்துக்கும் மக்களவைத் தொகுதிக்கும் இன்றும் அதன் பெயரே வழங்குகிறது. ஊர் மட்டும் இல்லை.

மன்னர் அமைத்த தலைநகர்: கங்கையின் மூல நதியாகிய பகீரதியும் அதன் துணையாறான பிலங்கனாவும் கூடும் இடத்தில், மலைகளுக்கு நடுவே இருந்த சிறு சமதளத்தில் அமைந்திருந்தது டெஹ்ரி. கூர்க்காப் படைகளிடம் பறிகொடுத்த கார்வால் நாட்டை ஆங்கிலேயரின் துணையோடு மீட்ட மன்னர் சுதர்சன் ஷா, அந்த உதவிக்கு விலையாக அலக்நந்தா ஆற்றின் கிழக்குப் பகுதிகளை அவர்களிடமே விட்டுவிட நேர்ந்தது. கார்வாலின் பழைய தலைநகரான ஸ்ரீநகரும் அதில் போயிற்று. எஞ்சிய நாட்டுக்குப் புதிய தலைநகராக 1815 டிசம்பர் 28-இல் டெஹ்ரியை அவர் நிறுவினார்.

பத்ரிநாத் கோயிலின் காவலர் என்ற முறையில், 'பேசும் பத்ரிநாதர்' என்றே டெஹ்ரி மன்னர்களை மக்கள் அழைத்தனர். விக்டோரியா மகாராணியின் வைர விழாவையொட்டி 1897-இல் மன்னர் கீர்த்தி ஷா எழுப்பிய மணிக்கூண்டு நகரின் அடையாளமானது. வேதாந்தத்தை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பரப்பித் திரும்பிய சுவாமி ராம தீர்த்தர், 1906-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் டெஹ்ரி அருகே ஆற்றில் மூழ்கி மறைந்தார். பின்னர் மன்னர் நரேந்திர ஷா தலைநகரை நரேந்திரநகருக்கு மாற்றினார். அதன் பிறகும் சுற்றுவட்டார மலைக் கிராமங்களுக்குச் சந்தையும் பள்ளியும் நீதிமன்றமும் புனித நீராடலும் டெஹ்ரியில்தான்.

சிறையும் சங்கமமும்: டெஹ்ரியின் வரலாறு மன்னர்களோடு முடிவதில்லை. சமஸ்தானத்தின் வனக் கட்டுப்பாடுகளை எதிர்த்து யமுனைக் கரையில் திலாடியில் கூடிய மக்கள்மீது 1930 மே 30-இல் மன்னரின் படை துப்பாக்கிச்சூடு நடத்தியது. 1939-இல் பிரஜா மண்டல் உருவானது. பொறுப்பாட்சி கோரிய அதன் தலைவர்களுள் ஒருவரான ஸ்ரீதேவ் சுமன், டெஹ்ரி சிறையில் 84 நாள் உண்ணாவிரதம் இருந்து, 1944 ஜூலை 25-இல் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 28. அவரது உடலை உறவினரிடம் தராமல் பிலங்கனா ஆற்றில் எறிந்தது நிர்வாகம்.

நாடு விடுதலை பெற்ற பிறகும் டெஹ்ரியில் மன்னராட்சி நீடித்தது. 1948 ஜனவரி 11-இல் கீர்த்திநகரில் நாகேந்திர சக்லானி, மோலு பர்தாரி என்ற இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் அவ்விருவர் உடல்களையும் சுமந்து டெஹ்ரியை நோக்கி ஊர்வலமாக வந்தனர். மன்னராட்சி சரிந்தது. 1949 ஆகஸ்ட் 1-இல் சமஸ்தானம் அன்றைய ஐக்கிய மாகாணத்தோடு இணைந்தது. இவ்வாறு தன் உரிமையைத் தானே போராடிப் பெற்ற ஊர்தான், அடுத்த அரை நூற்றாண்டில் தன் இருப்பைக் காத்துக்கொள்ள இயலாமல் போயிற்று.

அணை வந்தது: டெஹ்ரி அணைத் திட்டத்துக்கு 1972-இல் திட்டக் குழு ஒப்புதல் அளித்தது. 1978-இல் பணிகள் தொடங்கின. அதே ஆண்டில் வழக்கறிஞர் வீரேந்திர தத் சக்லானியின் தலைமையில் நகர மக்கள் எதிர்ப்புக் குழு அமைத்தனர். நிலநடுக்க ஆபத்துள்ள இமயமலையில் 260 மீட்டர் உயர அணை பாதுகாப்பானதா என்பதே அவர்களின் முதல் கேள்வி. உச்ச நீதிமன்றம் சென்ற அவர்களின் மனு 1990-இல் தள்ளுபடியாயிற்று. அடுத்த ஆண்டே உத்தரகாசியில் ஏற்பட்ட நிலநடுக்கம் அந்த அச்சத்தை மீண்டும் கிளப்பியது.

இளமையில் ஸ்ரீதேவ் சுமனால் ஈர்க்கப்பட்டுப் பொதுவாழ்வுக்கு வந்தவர் சுந்தர்லால் பகுகுணா. சிப்கோ இயக்கத்தால் உலகறிந்த அவர், 1995-இல் 45 நாளும் 1996-இல் 74 நாளும் அணைக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தார். தேவ கௌடா ஆட்சியில், சுற்றுச்சூழல், மறுகுடியமர்வுப் பிரச்னைகளை ஆராய ஹனுமந்த ராவ் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகள் ஓரளவே ஏற்கப்பட்டன. 2003-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பும் அணைக்குச் சாதகமாக அமைந்தது. ஆயினும், மறுவாழ்வு என்பது உணவும் உடையும் உறைவிடமும் தருவதோடு முடிவதில்லை. வாழ்வாதாரத்தை மீண்டும் கட்டியெழுப்ப உதவுவதும் அதில் அடங்கும் என்று அதே தீர்ப்பு கூறியது.

2004-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் நகரம் காலியாயிற்று. பகுகுணாவும் ஆற்றங்கரைக் குடிலை விட்டு வெளியேறினார். 2005 அக்டோபர் 29-இல் கடைசித் திசைதிருப்புச் சுரங்கம் அடைக்கப்பட்டது. நீர் ஏறியது. அரண்மனை, சிறை, மணிக்கூண்டு, கடைவீதி, சங்கமம் எல்லாம் மறைந்தன.

கணக்கில் வராதவை: அணையால் நாட்டுக்குப் பயன் இல்லை என்று கூற முடியாது. 1,000 மெகாவாட் மின்சாரம், தில்லிக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் குடிநீர், பாசனம் ஆகியவை கண்கூடு. 2013 ஜூன் பெருவெள்ளத்தில் பகீரதியின் நீரைத் தேக்கி ரிஷிகேசத்தையும் ஹரித்வாரையும் அணை காத்தது என்று அணை நிர்வாகம் கூறுகிறது. விமர்சகர்கள் அதை முழுமையாக ஏற்பதில்லை.

கேள்வி, இழந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான். நகரத்தாருக்கு மலையின் மேல் 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் புதிய டெஹ்ரி கட்டித் தரப்பட்டது. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் குளிர்க்காற்று வீசும் மலைச்சரிவுக்குப் போனார்கள். பலர் அங்கே தங்காமல் டேராடூனுக்கு இறங்கிவிட்டனர். கிராமத்தாருக்கு நிலத்துக்கு நிலமாக 2 ஏக்கர் என்ற விதி இருந்தது. அந்த நிலமோ ஹரித்வார், டேராடூன் மாவட்டங்களின் சமவெளியில். புல்லும் விறகும் தந்த பொதுக்காடு அங்கு இல்லை. வயது வந்த மகனைத் தனிக் குடும்பமாகக் கொள்வதா என்ற வழக்கு ஓயவில்லை. வாடகை வீட்டில் இருந்தவர், நிலமற்ற கூலியாள் ஆகியோருக்கு ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாதவருக்குக் கணக்கில் இடமும் குறைவு.

இந்தக் கணக்கின் அடிப்படையிலேயே ஒரு குறை இருக்கிறது. அரசு வீடுகளை எண்ணியது, கடைகளை எண்ணியது, ஏக்கரை அளந்தது. அந்த வீடுகளையும் கடைகளையும் ஓர் ஊராக்கிய உறவுக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. ஒரே தெருவில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்கள் மூன்று மாவட்டங்களுக்குச் சிதறினால், கடனுக்குச் சரக்குத் தந்த கடைக்காரரும் திருமணத்துக்கு மேளம் கொட்டியவரும் பழைய வாடிக்கையை எங்கே தேடுவார்கள்?

நகரம் போனதோடு துன்பம் நிற்கவில்லை. பழைய பாலங்கள் மூழ்கியதால் ஏரிக்கு அப்பாலுள்ள பிரதாப்நகர் வட்டார மக்கள் பல மணி நேரம் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. அவர்களுக்காக 2006-இல் தொடங்கிய டோப்ரா - சாண்டி தொங்குபாலம் 2020 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அணையின் முதல் மின் உற்பத்தி அலகு 2006-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது. மக்களுக்கான பாலத்துக்கு மேலும் 14 ஆண்டுகள் தேவைப்பட்டன. ஏரியின் நீர்மட்டம் ஏறி இறங்குவதால் மேலுள்ள சரிவுக் கிராமங்களில் நிலச்சரிவும் வீடுகளில் விரிசலும் தொடர்கின்றன.

அரசியலில் மற்றொரு முரண். ஊரை இழந்த உத்தரகண்டுக்கு அணை நிறுவனத்தில் பங்கு இல்லை. மாநிலப் பிரிவினைக்குப் பிறகும் ஏறத்தாழ கால் பங்கு உத்தரப் பிரதேசத்திடமே உள்ளது. மத்திய அரசின் பங்கு 2020-இல் தேசிய அனல்மின் கழகத்துக்குச் சென்றது. உத்தரகண்டுக்குக் கிடைப்பது 12 சதவீத இலவச மின்சாரம். டெஹ்ரி மக்களவைத் தொகுதியிலோ, தலைநகர் மூழ்கிய பின்னும் அரச குடும்பத்தின் செல்வாக்கு மூழ்கவில்லை. கடைசி மன்னர் மானவேந்திர ஷா எட்டு முறை அங்கு வென்றார். அவரது மருமகள் மாலா ராஜ்யலட்சுமி ஷா 2024-லும் வென்றார்.

அடுத்த டெஹ்ரி எது?: 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2013-இல் வந்த புதிய சட்டம், நிலமெடுப்பினால் ஒரு சமூகத்துக்கு நேரும் பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்கிறது. டெஹ்ரி போன்ற ஊர்கள் கற்பித்த பாடம் அது. ஆனால் சுற்றுச்சூழல் மதிப்பீடு நடத்தப்படும் பாசனத் திட்டங்களுக்கு இந்தச் சமூக மதிப்பீடு தேவையில்லை என்று அதே சட்டம் விலக்கும் அளிக்கிறது. எந்த வகைத் திட்டத்தில் ஊர்கள் அதிகம் மூழ்குகின்றனவோ, அதற்கே விலக்கு. 2022 ஏப்ரலில் யமுனைக் கரையில் லோஹாரி என்ற மலைக் கிராமம் வியாசி நீர்மின் திட்டத்துக்காக மூழ்கியது. வெளியேற மக்களுக்குத் தரப்பட்ட கடைசி அவகாசம் 48 மணி நேரம்.

டெஹ்ரியை மீட்க இனி வழி இல்லை. அந்த விலக்கை நீக்க நாடாளுமன்றத்துக்கு வழி இருக்கிறது. ஏரியில் நீர் மிகவும் வற்றும் காலங்களில் பழைய அரண்மனையின் இடிபாடுகள் வெளியே தெரிவதுண்டு. அவற்றைப் பார்க்க முன்னாள் டெஹ்ரிவாசிகள் கரைக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் புதிதாக ஈடு எதுவும் தர முடியாமல் போகலாம். அடுத்து மூழ்கவிருக்கும் ஊரில், வீடுகளை எண்ணுவதற்கு முன் ஊரையும் ஒரு பொருளாக மதித்து, அதன் மக்களைக் கேட்டு முடிவெடுக்க அரசால் முடியும். குழாயைத் திறக்கும் தலைநகரம் அதை வலியுறுத்தக் கடமைப்பட்டிருக்கிறது.