குறட்டை மெஷின் வாங்கும் முன் கையில் இருக்கவேண்டிய அறிக்கை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில், தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று தெரிந்தவுடனேயே, அது எவ்வகைத் தடை என்று கேளாமல், ‘குறட்டை மெஷின்’ எனப்படும், காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியை விற்பனையாளர் சொல்லை நம்பி வாங்கிவிடும் அவசரம் குறையவில்லை. தொண்டை அடைபட்டு மூச்சு நிற்பது வேறு. மூச்சிழுக்கும்படி மூளையிலிருந்து தூண்டலே வராமல் நெஞ்சு பத்து நொடியேனும் அசையாதிருக்கும் மைய உறக்க மூச்சுத்தடை வேறு. பின்னதற்கு இதயச் செயலிழப்பு, பக்கவாதம், மார்ஃபின் வகை வலிமருந்து ஆகியவை காரணமாக இருக்கக்கூடும் என்பதால், முதலில் கவனிக்கவேண்டியது அக்காரணத்தையே.

கருவி வைத்தும் மூச்சு சீராகாதபோது, கண் அழுத்த நோய்க்குத் தரப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் சேர்த்துக் கொடுப்பதுண்டு. காற்றழுத்தம் தொண்டையைத் திறந்துவைக்க, மாத்திரை இரத்தத்தில் அமிலத்தன்மையைச் சற்றே கூட்டி, மூச்சுத் தூண்டல் அறுந்துபோகாமல் காக்கிறது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2025ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மையத்தடைக்குச் சிபாப், அசிட்டசோலமைடு இரண்டையும் நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது; நோயாளி மூச்சிழுக்கத் தவறினால் தானே மூச்சு கொடுக்கும் ‘பேக்கப் ரேட்’ இல்லாத பைபாப் என்ற இரட்டை அழுத்தக் கருவி வேண்டாம் என்கிறது. ஏ.எஸ்.வி. என்ற மற்றொரு காற்றழுத்தக் கருவியோ, இதயத்தின் இரத்த வெளியேற்று விகிதம் 45 விழுக்காடும் அதற்குக் கீழும் இருந்தவர்களிடையே இதயநோய் மரணத்தைக் கூட்டியதை 2015இல் வெளியான சர்வ்-எச்.எஃப். ஆய்வு காட்டியது. ஆகவே அந்த விகிதத்தைக் காட்டும் எக்கோ பரிசோதனை பார்க்காமல் கருவி வாங்குவது உயிரோடு விளையாடுவதாகும். சல்பா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, பொட்டாசியக் குறைவு உள்ளவர்களுக்கு மாத்திரையும் ஆபத்தே. மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கக் கூடாது.

எவ்வகைத் தடை என்று அறிய, உறக்க ஆய்வு அறிக்கையில் மூச்சுத்தடைகளின் மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. மையத்தடை எத்தனை, அடைப்புத்தடை எத்தனை என்று பிரித்து எழுதித் தரும்படி கேட்கவேண்டும். நோயாளி மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் கூறுகின்றன. வாய்மொழியாகக் கேட்டு அலையாமல், தேதியிட்ட கடிதம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கிக்கொள்ளவேண்டும். மறுத்தால் அந்நகலோடு மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் பதிவு அஞ்சலில் புகார் அனுப்பலாம். இ.எஸ்.ஐ. அட்டையுள்ள ஆலைத் தொழிலாளர் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கருவி கிடைக்குமா என்று கேளாமலே கடன்பட்டுக் கருவி வாங்குவது வேதனைக்குரியது.

தவறான கருவியைத் தலையில் கட்டிய விற்பனையாளர்மீது, வாங்கியவர் இரண்டு ஆண்டுக்குள், தாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. ரசீதில் கருவியின் வரிசை எண் இல்லாவிட்டால் விற்றது எந்தக் கருவி என்று நிறுவுவதே கடினமாகும். எண் எழுதாத ரசீதுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. மாத்திரையாலோ கருவியாலோ தீங்கு நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.