முடிந்த வழக்கு, முடியாத இழப்பு

2012-ஆம் ஆண்டு கோடையில் ஒரு பழைய கப்பலின் விவகாரம் நம் உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. கப்பலின் பெயர் 'ஓரியண்டல் நைசிட்டி'. குஜராத் மாநிலம் அலங் கடற்கரையில் உடைப்பதற்காக வாங்கப்பட்டிருந்த அக்கப்பலில் நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும். பாசல் உடன்படிக்கையின்படி சோதிக்காமல் அதைக் கரையேற்றக் கூடாது என்பது மனுதாரர்களின் வாதம். ஆய்வுகளுக்குப் பின்னர் ஜூலை 30-ஆம் தேதி நீதிமன்றம் அனுமதி அளித்தது. நாளிதழின் உள்பக்கத்தில் வந்த அந்தச் சிறு செய்தியில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தக் கப்பலின் முதல் பெயர் 'எக்ஸான் வால்டஸ்'.

சட்டக் கல்லூரியில் பல ஆண்டுகள் கடல்சார் சட்டம் நடத்தியவன் நான். எக்ஸான் வால்டஸ் வழக்கைப் பாடமாக எடுக்கும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'இறுதியில் எவ்வளவு கொடுத்தார்கள்?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. எப்போது கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், எதற்குக் கொடுக்கவில்லை என்று தொடங்கினால்தான் வகுப்பு நீளும்.

1989 மார்ச் 23-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னர், அலாஸ்காவின் வால்டஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 300 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் கச்சா எண்ணெயுடன் புறப்பட்டது. கொலம்பியா பனியாற்றிலிருந்து உடைந்து மிதந்த பனிக்கட்டிகளைத் தவிர்க்க, வழக்கமான தடத்தை விட்டு விலகிச் சென்றது. தலைவர் ஜோசப் ஹேஸல்வுட் கப்பலைச் செலுத்தும் பொறுப்பை மூன்றாம் நிலை அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் அறைக்குச் சென்றார். உரிய நேரத்தில் கப்பல் தடத்துக்குத் திரும்பவில்லை. நள்ளிரவு கடந்து நான்கு நிமிடங்களில் பிளை பாறைத்திட்டில் மோதியது. பதினொரு சரக்குத் தொட்டிகளில் எட்டு கிழிந்தன. சுமார் நான்கு கோடி லிட்டர் எண்ணெய் பிரின்ஸ் வில்லியம் நீரிணைப்பில் கலந்தது.

'குடித்துவிட்டுக் கப்பல் ஓட்டினார்' என்ற ஒற்றை வரியில் உலகம் இந்த விபத்தை நினைவில் வைத்திருக்கிறது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையும் தலைவரின் மதுவைக் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது உண்மை. ஆனால் அதே அறிக்கை, மூன்றாம் நிலை அதிகாரியின் களைப்பையும் வேலைப்பளுவையும், போதுமான ஓய்வு பெற்ற பணியாளர்களை நிறுவனம் அமர்த்தாததையும், கடலோரக் காவல்படையின் கண்காணிப்புக் குறைபாட்டையும் சேர்த்தே சுட்டியது. குடிபோதையில் கப்பலை இயக்கிய குற்றச்சாட்டிலிருந்து ஹேஸல்வுட்டை 1990-இல் ஜூரிகள் விடுவித்தனர். கவனக்குறைவாக எண்ணெயை வெளியேற்றிய சிறுகுற்றம் மட்டுமே நிலைத்தது. 50,000 டாலர் அபராதமும், ஆயிரம் மணி நேரச் சமூகப் பணியும் தண்டனை. ஒரு தனி மனிதரைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டால், அவரைச் சூழ்ந்திருந்த சிக்கனங்களும் அலட்சியங்களும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. விபத்துச் செய்திகளை வாசிக்கும் பழக்கமுள்ள நமக்கு இது புதிதன்று.

எண்ணெய் கசிந்தால் ஐந்து மணி நேரத்துக்குள் கருவிகள் வந்து சேர வேண்டும் என்பது காகிதத்தில் இருந்த திட்டம். அவற்றை ஏற்றிச் செல்ல வேண்டிய மிதவைப் படகு பழுதுபார்ப்பில் இருந்தது. வந்து சேரப் பத்து மணி நேரத்துக்கும் மேலாயிற்று. முதல் மூன்று நாள்கள் கடல் அமைதியாகவே இருந்தது. அந்த அவகாசம் வீணானது. பின்னர் வீசிய புயல் எண்ணெயைத் தென்மேற்காக இழுத்துச் சென்றது. 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலோரம் கறைபட்டது. கோடையில் ஆயிரக்கணக்கானோர் கொதிநீரை வேகமாகப் பீய்ச்சிப் பாறைகளைக் கழுவினர். கழுவிய பாறைகள் கண்ணுக்குத் தூய்மையாகத் தெரிந்தன. எண்ணெய்க்குத் தப்பியிருந்த சிப்பிகளும் பாசிகளும் அந்த வெந்நீரில் மடிந்ததைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

மாண்ட உயிர்களின் மதிப்பீடு இது: கடற்பறவைகள் 2,50,000, கடல் நீர்நாய்கள் 2,800, சீல்கள் 300, வெண்தலைக் கழுகுகள் 250. அங்குள்ள செனேகா என்ற ஊரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அலூட்டிக் பழங்குடியினரின் சிற்றூர் அது. 1964-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலையில் ஊர் அழிந்தது. மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர். இருபது ஆண்டுகள் சிதறி வாழ்ந்தவர்கள், 1984-இல் வேறொரு தீவில் ஊரை மீண்டும் எழுப்பினர். ஐந்தே ஆண்டுகளில், இன்னொரு புனித வெள்ளியன்று, எண்ணெய் வந்தது. கடலில் பிடிப்பதையும் கரையில் பொறுக்குவதையும் உண்டு வாழ்ந்தவர்கள், எதை உண்ணலாம் என்று ஆய்வுக்கூடத்தைக் கேட்கும் நிலைக்கு வந்தனர்.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். அமெரிக்க மத்திய அரசும் அலாஸ்கா அரசும் 1991-இல் எக்ஸானுடன் சமரசம் செய்துகொண்டன. உரிமையியல் தீர்வாக 90 கோடி டாலர், பத்து ஆண்டுகளில் தவணையாக. குற்றவியல் அபராதம் 15 கோடி டாலர். தூய்மைப் பணிக்குச் செலவிட்டதைக் கருதி அதில் 12.5 கோடி தள்ளுபடி. இத்துடன், குற்ற வழக்கின் பகுதியாகவே 10 கோடி டாலர் ஈட்டுத்தொகை. அந்தச் சமரசத்தில் ஓர் அரிய பிரிவும் இருந்தது. கையெழுத்திடும்போது யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத சேதம் பின்னாளில் தெரியவந்தால், 2002-க்கும் 2006-க்கும் இடையில் மேலும் 10 கோடி டாலர் வரை அரசுகள் கேட்கலாம். இயற்கையின் பாதிப்பு உடனே முழுமையாகத் தெரிந்துவிடாது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட அபூர்வ இடம் இது.

மீனவர்களும் பிறரும் தொடுத்த வழக்கு வேறு தடத்தில் சென்றது. பொருளுக்கோ உடலுக்கோ நேரடிச் சேதம் இல்லாத வெறும் வருவாய் இழப்புக்கு இழப்பீடு இல்லை என்பது அமெரிக்கக் கடல்சார் சட்டத்தின் பழைய விதி. மீனவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. மீன் பதனிடும் ஆலைத் தொழிலாளர் போன்றோருக்கு இல்லை. ஆகவே பலருடைய கோரிக்கைகள் தொடக்கத்திலேயே தள்ளுபடியாயின. பழங்குடியினர், தங்கள் வாழ்க்கைமுறையே சிதைந்ததற்கு இழப்பீடு கோரினர். இயற்கையை நம்பி வாழும் உரிமை அலாஸ்கா மக்கள் அனைவருக்கும் பொதுவானது, அதனால் இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த தனி இழப்பாகாது என்று நீதிமன்றம் மறுத்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. பிடிக்க முடியாமற்போன மீனுக்கு விலை உண்டு; மீன்பிடித்தலைப் பேரனுக்குக் கற்பிக்க முடியாமற்போனதற்கு விலை இல்லை. தர்க்கத்தில் குறை காண்பது கடினம் என்றாலும், இந்தத் தீர்ப்பை வகுப்பில் வாசிக்கும்போது என்னால் ஒருபோதும் இயல்பாக இருக்க முடிந்ததில்லை.

1994-இல் ஆங்கரேஜ் நகர ஜூரிகள், மீனவர்களின் இழப்புக்கு 28.7 கோடி டாலரும், தண்டனையாக 500 கோடி டாலரும் விதித்தனர். அதன் பின்னர் பதினான்கு ஆண்டுகள் மேல்முறையீடு. தொகை 400 கோடியானது, 450 கோடியானது, 250 கோடியானது. 2008 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் அதை 50.75 கோடியாகக் குறைத்தது. உண்மையான இழப்பின் அளவுக்கு மேல் தண்டனைத் தொகை போகலாகாது என்று கடல்சார் வழக்குகளுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை வகுத்தது. தண்டனை முன்கூட்டியே கணிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது நீதிபதி சூட்டர் கூறிய காரணம். நியாயமான கொள்கைதான். ஆனால் கணிக்கத்தக்க தண்டனையைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிடலாம் என்பதையும் பெருநிறுவனங்கள் அறியும். அவ்வாண்டு எக்ஸான்மொபிலின் லாபம் 4,500 கோடி டாலர். தண்டனைத் தொகை ஏறத்தாழ நான்கு நாள் லாபம். அதே தீர்ப்பின் ஓர் அடிக்குறிப்பில், தண்டனை இழப்பீடு குறித்த சில ஆய்வுகளை, எக்ஸான் நிதியுதவி பெற்றவை என்பதால் ஏற்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லியிருப்பதும் வாசிக்கத்தக்கது.

வழக்காடியவர்கள் சுமார் 32,000 பேர். தீர்ப்பு வந்தபோது அவர்களில் ஆயிரக்கணக்கானோர் உயிருடன் இல்லை. காலதாமதத்துக்காக வட்டி தரவேண்டும் என்று 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையிட்டது. இடைக்காலத்தில் படகை விற்றவருக்கும், கடனில் வாங்கிய மீன்பிடி உரிமத்தின் விலை சரிந்து நொடித்தவருக்கும் அந்த வட்டி எதைத் திருப்பித் தந்திருக்கும்?

நன்மையே விளையவில்லை என்று சொல்லமாட்டேன். 1990-இல் இயற்றப்பட்ட எண்ணெய் மாசுச் சட்டம், இரட்டைச் சுவர் கொண்ட கப்பல்களைக் கட்டாயமாக்கியது; பெருங்கசிவுகளுக்கான நிதியத்தை வலுப்படுத்தியது; வெறும் வருவாய் இழப்புக்கும் இழப்பீடு கோர வழி திறந்தது. 1989 மார்ச் 22-க்குப் பின் பத்து லட்சம் காலனுக்கு மேல் எண்ணெய் கொட்டிய கப்பல் எதுவும் பிரின்ஸ் வில்லியம் நீரிணைப்புக்குள் நுழையக் கூடாது என்றும் அது விதித்தது. யாரை மனத்தில் கொண்டு எழுதியது என்பதை அந்தத் தேதியே சொல்லும். உரிமையாளர்கள் வழக்காடித் தோற்றனர். பெயர் மாறி மாறி, தாதுச் சரக்குக் கப்பலாகவும் மாறி, கடைசியில் அது அலங் வந்தது அந்தத் தடையுடன்தான்.

கோர்டோவா மீனவர்களின் வசந்தகால வருவாய் ஹெர்ரிங் மீன். விபத்து நடந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1993-இல், அம்மீன் வளம் திடீரெனச் சரிந்தது. சமரசம் கையெழுத்தாகி அப்போது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. எண்ணெயா, நோயா, இரண்டும் சேர்ந்தா என்பதில் அறிவியலாளர்கள் இன்றும் உடன்படவில்லை. இந்தக் கருத்து வேறுபாடு நிறுவனத்துக்குச் சாதகமானது. ஐயத்தின் பலன் எப்போதும் மீனவனுக்குக் கிடைப்பதில்லை. 2001-இல் அரசு ஆய்வாளர்கள் குழி தோண்டிப் பார்த்த கடற்கரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், கற்களுக்கடியில் எண்ணெய் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அது கரையாமல் தங்கியிருந்தது.

இதை முன்வைத்துத்தான் அந்த அரிய பிரிவின்கீழ் 2006-இல் அரசுகள் 9.2 கோடி டாலர் கேட்டன. எக்ஸான் தர மறுத்தது. கோரிக்கை ஒன்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. பறவைகளும் நீர்நாய்களும் பெருமளவு மீண்டுவிட்டதால் இதைத் தொடரப் போவதில்லை என்று 2015 அக்டோபரில் அரசுகள் அறிவித்தன. எதிர்பாராத சேதத்துக்கென்று திறந்து வைத்த கதவு, யாரும் நுழையாமலேயே மூடப்பட்டது.

சமரச நிதியை நிர்வகிக்கும் அறங்காவலர் குழு, பாதிக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலை அவ்வப்போது வெளியிட்டு வந்துள்ளது. பல பெயர்களுக்கு எதிரே 'மீண்டது' என்று இருக்கிறது. ஹெர்ரிங் மீனுக்கு எதிரே 'மீளவில்லை'. ஆய்வாளர்கள் ஏடி-1 என்று பெயரிட்ட ஓர்கா திமிங்கலக் கூட்டத்துக்கு எதிரேயும் அதுவே. விபத்துக்குப் பின் அக்கூட்டத்தில் ஒரு கன்றுகூடப் பிறந்து வளரவில்லை. எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.